ஐ.சி. வயசு

நல்லம்மாளுக்கு வந்த கடிதம் அவளுக்கு முன்னால் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவன் அவள் மகன் பாலன். எங்கள் குடியிருப்பான கம்பத்தின் முனையில் லோரியை நிறுத்திவிட்டு, சேற்றுச் செருப்போடு ஓடி வந்து, "டீச்சர், நான் நெனக்கிறதுதானான்னு படிச்சுச் சொல்லுங்க" என்று நீட்டினான். அவனுக்குப் பின்னால் பாதிக் கம்பமும் வந்து நின்றது.

கிள்ளானில் ரயில் தண்டவாளத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட முப்பது பலகை வீடுகள்தான் எங்கள் கம்பம். அங்கே மலாயில் கடிதம் யாருக்கு வந்தாலும் அதைப் படித்துச் சொல்கிற வேலை என்னுடையது. கோயில் மண்டபத்தில் பாலர் பள்ளி நடத்துகிறவள் நான். சிவகாமி டீச்சர் என்றால் மனு எழுதுகிறவள், கரண்டு கம்பெனிக்குக் கெஞ்சுகிறவள், நகராண்மைக் கழகத்தோடு சண்டை போடுகிறவள் என்று அர்த்தம். இதற்கெல்லாம் எனக்கு யாரும் கூலி தருவதில்லை. அதனால் திட்டுகிற உரிமையை மட்டும் முழுசாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

கடிதம் நல்லம்மாள் வேலை செய்த பிஸ்கட் ஃபேக்டரியிலிருந்து வந்திருந்தது. இந்த 1986 செப்டம்பர் முப்பதாம் தேதி உங்களுக்கு ஐம்பத்தைந்து வயது நிறைகிறது, அன்றோடு வேலை முடிகிறது, அதற்கு மேல் சேமநிதிப் பணத்தை எடுக்க மனுப் போடலாம் என்று நாலே வரி.

"அப்ப ஈ.பி.எஃப் காசு வந்துருச்சு" என்றான் பாலன். அவன் முகம் தீபாவளி மாதிரி இருந்தது. "டீச்சர், எங்க மொதலாளி தவுக்கே பழைய லோரிய விக்கிறாரு. பன்னண்டு வருஷமா நான் ஓட்டுற அதே லோரிதான். அம்மா காச முன்பணமாப் போட்டா போர்ட் கிள்ளான்ல நானும் ஒரு ஓனர் லா."

கூட்டம் அவனுக்குக் கை கொடுத்தது. யாரோ கோப்பிக்குச் சொல்லி அனுப்பினார்கள். எட்டாயிரம் வெள்ளி என்றார் ஒருவர், பத்துக்குக் குறையாது என்றார் இன்னொருவர். பணத்துக்குச் சொந்தக்காரி மட்டும் அந்த இடத்தில் இல்லை. அவள் அப்போது ஃபேக்டரியில் கிரீம் பிஸ்கட்டைத் தகர டின்னில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

சாயந்தரம் ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே என்னிடம்தான் வந்தாள். மேலெல்லாம் வெண்ணெய் வாசம். தலைமுடி வலையைக் கழற்றிய தடம் நெற்றியில் சிவப்பாக இருந்தது. நான் சொன்னதை நின்றுகொண்டே கேட்டாள்.

"டீச்சர், எனக்கு அம்பத்தஞ்சு ஆகல."

"ஐ.சி.யில் முப்பத்தொண்ணுல பொறந்ததாப் போட்டிருக்கே."

"அது கிராணி போட்டது. எனக்கு இப்ப அம்பத்தொண்ணுதான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருஷமாக இவள் வீட்டு விண்ணப்பப் பாரம் அத்தனையிலும் முப்பத்தொன்று என்று என் கையால் எழுதியிருக்கிறேன். "இதை இப்பத்தான் சொல்றியா?"

"யாரு கேட்டா?" என்றாள்.

அதுவும் சரிதான். யாரும் கேட்டதில்லை.

அவள் சொன்ன கதை இது. காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், நாற்பத்தெட்டில், அவசரகாலத்தின்போது அடையாள அட்டையான ஐ.சி. பதிய வந்தார்கள். ஆபீஸ் வாசலில் மேசை போட்டுத் தோட்டத்துக் கிளார்க்கான கிராணி உட்கார்ந்திருந்தார். பிறப்புப் பத்திரம் இருந்தவர்கள் பத்து பேர்கூட இல்லை, வாயால் சொன்னதுதான் வயசு. நல்லம்மாளுக்கு அப்போது பதின்மூன்று. அவளுடைய அப்பா, "பதினேழு எழுதுங்க சாமி" என்றார். பதினேழு என்றால் பெரிய ஆள் கணக்கு, முழுச் சம்பளம். மறுநாள் முதல் அவள் மரம் சீவ நிரைக்குப் போய்விட்டாள்.

"பதிமூணு வயசுல பெரிய ஆளாக்குனாங்க. இப்ப அம்பத்தொண்ணுல கெழவியாக்குறாங்க" என்றாள். சொல்லும்போது அவள் அழவில்லை. கோபமாகத்தான் இருந்தாள். நல்லம்மாளைப் புருஷன் செத்த அன்றுகூட அவ்வளவு கோபமாக நான் பார்த்ததில்லை.

மறுநாள் பொதுப் பைப்படியில் விஷயம் வெடித்தது. மழைக்கு முன்னால் தண்ணீர் பிடித்துவிட வேண்டும் என்று எல்லாப் பெண்களும் வாளியோடு நின்றார்கள். வாளி நிரம்பி வழிந்ததை ஒருத்தியும் கவனிக்கவில்லை.

"எடுத்துரு நல்லம்மா" என்றாள் தையல்காரி இந்திரா. "அந்த மேட்டு வீட்டு ராஜேஸ்வரியக்கா எடுக்காம வச்சிருந்தாங்க. வட்டி வருது, வட்டி வருதுன்னு. ஏழே மாசம். போய்ச் சேந்துட்டாங்க. ஒரு புதுச் சேலகூட அந்தக் காசுல கட்டல."

"எங்க மாமியா எடுத்தாங்களே, என்னாச்சு?" என்றாள் இன்னொருத்தி. "காசு வந்த அன்னிக்கு அவங்களுக்கு நாற்காலி போட்டாங்க. மூத்தவரு கல்யாணம் முடிஞ்சதும் நாற்காலியும் போச்சு, காசும் போச்சு. இப்ப பல்லு கட்ட மகங்கிட்ட கை நீட்டுறாங்க."

"ஏன் நல்லம்மா, நீயே கையில வச்சுக்கிறது" என்றாள் இந்திரா.

"வச்சுக்க விடுவாங்களா? நீ வேற."

எல்லாரும் சிரித்தார்கள். நல்லம்மாள் துணியைக் கல்லில் அடித்துக்கொண்டே பேசினாள்.

"அது அங்க இருக்கற வரைக்கும் நல்லம்மா காசு. கைக்கு வந்துட்டா வீட்டுக் காசு. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். வேலையும் அப்படித்தான். இந்த நேரத்துல இருவது வயசுப் புள்ளைங்களையே ஃபேக்டரியில நிப்பாட்டுறான். என்னய எவன் எடுப்பான்? எனக்குக் கையி நல்லாருக்கு, கண்ணு நல்லாருக்கு. ஒரு நிமிசத்துக்கு எத்தன டின்னு அடுக்குறேன்னு வந்து பாருங்க. நாலு வருஷம் எனக்குச் சேர வேண்டியது. அத நான் விடமாட்டேன்."

அப்போதுதான் இராஜம்மா வாயைத் திறந்தாள். ஃபேக்டரியில் நல்லம்மாளுக்குப் பக்கத்து இடம் அவளுக்கு. பதினாறு வருஷமாக இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் அடுக்குகிறார்கள், ஒரே டிபன் டப்பாவில் சாப்பிடுகிறார்கள். அதே தோட்டத்திலிருந்து வந்தவள். இரண்டு முழங்காலும் வீங்கி, பைப்படியிலும் ஒரு பழைய டின்மேல்தான் உட்கார்ந்திருந்தாள்.

"இவ பொறந்தத நான் பாத்தேன்" என்றாள். "லயத்துல எங்க வீடும் அவங்க வீடும் ஒரே செவரு. எனக்கு அப்ப ஆறு வயசு. இவ அம்மா நிரைக்குப் போனா நான்தான் இவள இடுப்புல தூக்கிக்கிட்டுத் திரிவேன். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன் டீச்சர். சத்தியம் பண்ணுறேன்."

எனக்குக் கையும் காலும் பரபரத்தது. வாளியை அங்கேயே விட்டுவிட்டு நல்லம்மாளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் மனு எழுத உட்கார்ந்தேன். மறுநாள் அவளுடன் ஃபேக்டரி ஆபீஸுக்கும் போனேன். அங்கிருந்த அதிகாரி தங்கமான மனிதர். பிறந்ததை நேரில் அறிந்த மூத்தவர் ஒருவரின் சத்தியப் பத்திரம், அதைக் காட்டிப் பதிவு இலாகாவில் வாங்கிய ரசீது, இரண்டையும் முப்பதாம் தேதிக்குள் கொண்டுவந்தால் வேலையை நிறுத்த மாட்டோம் என்றார். தேதி அப்போதே பதினேழு ஆகிவிட்டது.

பாலன் அன்றைக்குச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். நான் போனபோது நல்லம்மாள் அவனுக்குச் சோறும் நண்டுக் குழம்பும் போட்டு வைத்திருந்தாள். சோற்றில் கைகூட வைக்கவில்லை.

"ஊர்ல எல்லாரும் வயசு ஏறலயேன்னு கெடக்கறாங்க, டீச்சர். இவங்களுக்குச் சும்மா நாலு வருஷம் முன்னாலயே குடுக்கறான். வேணாங்கறாங்க. இப்ப லோடு கம்மி. தவுக்கே எங்கள ஒவ்வொருத்தனா நிப்பாட்டிக்கிட்டு வராரு. சொந்த லோரி இருந்தா நான் எப்படியாச்சும் பொழச்சுக்குவேன். நாலு வருஷம் கழிச்சு அந்த லோரி இருக்காதும்மா."

"நாலு வருஷம் கழிச்சு நான் இருப்பேன்டா."

"அப்ப லோரி?"

"லோரிக்கு எங்காசுதான் வேணுமா? ஒம் பொண்டாட்டி போட்டுருக்கற சங்கிலி எங்க போச்சு?"

பாலனின் மனைவி அடுப்படியில் எதையோ கீழே போட்டாள். பாலன் தலையைக் குனிந்துகொண்டு குழம்பை ஊற்றினான். எனக்கு அவன்மேலும் பரிதாபமாகத்தான் இருந்தது. கெட்ட பிள்ளை இல்லை. பன்னிரண்டு வருஷம் இன்னொருவன் வண்டியைக் கழுவி ஓட்டினால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அம்மாவுக்கும் ஓர் ஆசை இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

சனிக்கிழமை காலை சத்தியப் பத்திரம் எழுதக் கிளம்பினோம். விடியும் முன்பே பிடித்த மழை விடவில்லை. இராஜம்மாவை அவள் புருஷன் சின்னையா தன் ஹோண்டா மோட்டார்சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினார். நானும் நல்லம்மாளும் பஸ்ஸில் போனோம். பஸ்ஸில் நல்லம்மாள் வாய் ஓயாமல் பேசினாள். நாலு வருஷத்தில் கிரீம் லைனிலிருந்து செக்கிங் மேசைக்குப் போய்விடலாம், அங்கே உட்கார்ந்து செய்கிற வேலை, போனஸ் உண்டு என்று ஒரே திட்டம். பின் சீட்டுக்காரர்கூடத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தார்.

ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில் கார்த்திகேசுவின் ஆபீஸ். சத்தியப் பத்திரத்துக்கு முத்திரை போடுகிறவர். யாழ்ப்பாணத்து மனிதர், ரயில்வேயில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு கால்புள்ளி தப்பினாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக டைப் அடிப்பார். செங்குத்தான படியில் இராஜம்மா ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை நின்று ஏறினாள். சின்னையா மழைச்சட்டையைக் கழற்றிக் கதவருகில் உதறிக்கொண்டு நின்றார்.

நான் எழுதிக் கொண்டுபோயிருந்த நகலைக் கார்த்திகேசு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "நல்லாய் எழுதியிருக்கிறீங்கள், பிள்ளை" என்றார். நான் பூரித்துப்போனேன். பிறகு இராஜம்மாவின் ஐ.சி.யைக் கேட்டு வாங்கினார். அதைப் பார்த்தார். நகலைப் பார்த்தார். திரும்பவும் ஐ.சி.யைப் பார்த்தார்.

"அம்மா, நல்லம்மாள் முப்பத்தைஞ்சாம் ஆண்டு பிறந்தவ எண்டு சொல்லுறீங்கள். அப்ப உங்களுக்கு ஆறு வயசு எண்டும் சொல்லுறீங்கள்."

"ஆமாங்க சார்."

"உங்கட ஐ.சி.யில நீங்கள் முப்பத்தி மூண்டில பிறந்திருக்கிறீங்கள். அப்பிடியெண்டா அப்ப உங்களுக்கு ரெண்டு வயசு. ரெண்டு வயசுப் பிள்ளை கைப்பிள்ளையை எப்பிடித் தூக்கினது?"

எனக்குக் காது சூடானது. ஆறு வயசு என்று எழுதியது நான். பாலர் பள்ளியில் இருபது வரை எண்ணச் சொல்லிக்கொடுக்கிற எனக்கு இந்தக் கணக்கு ஓடவில்லை. எங்கள் கம்பத்தில் இராஜம்மா நல்லம்மாளுக்கு அக்கா, அவ்வளவுதான். ஐ.சி.யில் அக்காவைவிடத் தங்கச்சி இரண்டு வயசு பெரியவள் என்பதை ஒருத்தரும் நினைத்துப் பார்த்ததில்லை.

"ஒண்டில் இவ முப்பத்தி ஒன்பதில பிறந்திருக்கோணும். இல்லாட்டி நீங்கள் இருபத்தி ஒன்பதில பிறந்திருக்கோணும்" என்றார் கார்த்திகேசு. "எது எண்டு சொல்லுங்கோ. பொய்ச் சத்தியத்துக்கு நான் முத்திரை குத்த ஏலாது."

இராஜம்மாவின் பார்வை கதவுப் பக்கம் போனது. அங்கே சின்னையா மழைச்சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார்.

எல்லோரையும்விட முதலில் புரிந்துகொண்டவள் நல்லம்மாள்தான். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். "விட்டுரு அக்கா. வேணாம். எறங்கிப் போலாம் வா. நான் காச எடுத்துக்கறேன், பாலனும் லோரி வாங்கட்டும். டீச்சர், கெளம்புங்க."

"ஒக்காருடி" என்றாள் இராஜம்மா.

"வேணாங்கறேன்ல."

"ஒக்காருன்னா ஒக்காரு."

நல்லம்மாள் உட்கார்ந்தாள். இராஜம்மா கார்த்திகேசுவைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்துத்தான் பேசினாள். ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை.

"அதே மேசைதாங்க. அதே கிராணி. இவ அப்பா இவளுக்கு நாலு ஏத்துனாரு. அடுத்தாப்ல நான். எனக்கு அப்ப பத்தொம்பது, கல்யாணம் ஆகல. எங்கப்பா பதினஞ்சுன்னு சொன்னாரு. கிராணி என்னய ஒரு பார்வ பாத்துட்டு எழுதிக்கிட்டான். மூணு வருஷம் கழிச்சு நீங்க பொண்ணு பாக்க வந்தப்ப அந்த ஐ.சி.யத்தான் காமிச்சாங்க. எனக்குப் பதினெட்டுன்னு சொன்னாங்க. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். எனக்கு இருவத்திரண்டு."

சின்னையா விரலை மடக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது. அவர் முப்பத்தொன்றில் பிறந்தவர். கல்யாணத்தன்று அவருக்கு இருபது.

"முப்பத்தஞ்சு வருஷம்" என்றார். மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப்போனார். அவர் செருப்புச் சத்தம் கீழ்ப்படி வரைக்கும் கேட்டது.

இராஜம்மா முந்தானையால் முகத்தை ஒருதரம் துடைத்துக்கொண்டாள். "எழுதுங்க சார். இருவத்தொம்போது."

கார்த்திகேசு உடனே எழுதவில்லை. அந்த மனிதரை அதற்காகவே எனக்குப் பிடிக்கும். "அம்மா, யோசிச்சுச் சொல்லுங்கோ. இது பதிவானால் உங்களுக்கு அம்பத்தேழு. அவவை வச்சுக்கொண்டு ஃபேக்டரி உங்களை நிப்பாட்டும்."

"நிப்பாட்டட்டும். ரெண்டு முட்டியும் என்னய நிப்பாட்டு நிப்பாட்டுன்னுதான் கெஞ்சுது. ராத்திரி எண்ணெய் போட்டுக் கட்டிக்கிட்டுத்தான் படுக்கறேன். ஐ.சி.யில இன்னும் ரெண்டு வருஷம் இருக்கேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்." பிறகு கேட்டாள். "அப்ப எங்காசு எனக்கு இப்பவே கெடைக்குமா சார்?"

"அம்பத்தைஞ்சு தாண்டின ஆளுக்கு ஏன் கிடையாது? உங்களுக்கும் ஒரு பத்திரம் போடுவம்."

இராஜம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டு வருஷமாக வலியோடு நின்றவள். அவள் பணம் அவளுக்காகத் தயாராகத்தான் இருந்தது. எடுக்க வேண்டுமென்றால் புருஷனிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு வலியே மேல் என்று நின்றிருக்கிறாள். எனக்குக் கோபமாக வந்தது. யார்மேல் கோபம் என்று கேட்டால் அந்தக் கிராணியின் மேசைமேல் என்றுதான் சொல்லுவேன்.

இரண்டு பத்திரமும் டைப் ஆகி, இரண்டிலும் கையெழுத்து விழுந்தது. கதையை இழுக்கிற வழக்கம் எனக்கில்லை, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை பதிவு இலாகாவில் இரண்டு ரசீதும் வாங்கினோம். நல்லம்மாள் வேலையில் இருந்தாள், இராஜம்மா நின்றாள். பாலன் பெண்டாட்டியின் சங்கிலியை வைத்துத்தான் லோரிக்கு முன்பணம் கட்டினான். ஒரு மாதம் அவன் எனக்கு வணக்கம் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கே வருகிறேன். நாங்கள் கீழே இறங்கியபோது மழை விட்டிருந்தது. பூக்கடைக்காரர் வாசலில் தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். நல்லம்மாள் இரண்டு கையாலும் பத்திரத்தை நெஞ்சோடு பிடித்திருந்தாள். "செஞ்சுட்டோம் டீச்சர், செஞ்சுட்டோம்" என்று பத்து தடவையாவது சொல்லியிருப்பாள். திடீரென்று நின்றுவிட்டாள்.

"அக்கா, அப்ப நீ இனிமே வரமாட்ட."

"எங்க?"

"பெஞ்சுக்கு."

இராஜம்மாவும் அதை அதுவரை யோசிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பதினாறு வருஷம். நல்லம்மாளுக்கு உதடு கோணியது. "நீ இல்லாம நாலு வருஷம் நான் யாருகிட்ட பேசுறது? எனக்கு எதுக்கு இது?"

"ந்தா, அழுவாத, ரோட்டுல நிக்கிறோம்" என்றாள் இராஜம்மா. "நான் என்ன செத்தா போயிட்டேன்? சாயந்தரம் வா, பேசலாம். எனக்குத்தான் இனி வேல இல்லியே, நாள் பூராச் சேத்து வச்சுக் கேக்கறேன்."

எதிர்ப்பக்கத்தில் சின்னையா ஹோண்டாவின் சீட்டை ஒரு துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஈரம் போனபிறகும் துடைத்தார். நாங்கள் ரோட்டைக் கடந்து போனதும் அவர் யாரையும் பார்க்காமல் வண்டியை உதைத்துக் கிளப்பினார். இராஜம்மா அசையாமல் நின்றாள். அவள் கையை நல்லம்மாள் பிடித்திருந்தாள்.

அவர் ஒரு கையால் பின் சீட்டைத் தட்டினார்.

"ஏறு அக்கா, போலாம்" என்றார்.

இராஜம்மா ஒரு விநாடி திகைத்து, பிறகு அவர் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள். பூக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டே, எப்படியோ ஏறி உட்கார்ந்தாள். சின்னையாவின் தோளும் குலுங்கியதைப் பார்த்தேன். வண்டி தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு பாலத்துப் பக்கம் திரும்பிப் போனது.

நானும் நல்லம்மாளும் பஸ்ஸுக்கு நடந்தோம். ஒரு கடையில் தோசை சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றேன். நேரமில்லை என்றாள்.

"சனிக்கிழமைதானே, என்ன அவசரம்?"

"ரெண்டு மணிக்கு ஃபேக்டரிக்குப் போகணும் டீச்சர். அடுத்த மாசம் தீபாவளி டின்னுக்கு ஓவர்டைம் ஆள் எடுக்கறாங்க, இன்னிக்குப் போய் எனக்கு எந்த மேசைன்னு கேட்டுக்கணும். நான் நேத்தே பேர் குடுத்துட்டேன்."

"நேத்தா? பத்திரத்துல கையெழுத்தே விழலயே."

"விழும்னு தெரியும்" என்றாள்.

அப்படிப் பேர் கொடுத்துவிட்டு வந்தவள்தான், ஒரு மணி நேரத்துக்கு முன்னால், இராஜம்மாவுக்காக நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, விட்டுரு அக்கா என்று சொன்னாள்.